தகரப் பெட்டியும் கறையானும்

ஆங்கிலக் கவிஞர்கள் பாடும் வசந்தம் பதுளைக்கு வருவதில்லை. குளிர்நாடுகளில் பனிக்கு ஒடுங்கிக் கிடந்த வீட்டுப் பூச்சிகள் வெயில் ஏற ஏற விழித்தெழுகின்றன. நம் பூச்சிகளுக்கோ வெயிலன்று, மழையே நாழிகை காட்டுகிறது. பதுளைக்கு அண்மையில் ஸ்பிரிங்வெலி என்றொரு தோட்டம் உண்டு. பெயரிட்ட துரை வசந்தத்தை நினைத்தாரோ, நீரூற்றை நினைத்தாரோ. கறையானைக் கேட்டால் நீர் என்றுதான் சொல்லும்!

ஊவாவின் மழைக்கணக்கு தனியானது. வடகீழ்ப் பருவமழை தை மாதத்தோடு தளர்கிறது. மாசியில் மண் காய்ந்து வெடிக்கிறது. பங்குனி பிற்பகுதியில், நமுனுகுல மலைக்கு மேலே பிற்பகல் இடி முழங்கி முதல் மழை இறங்கும். அந்த மழைக்காகவே புற்றுக்குள் ஈசல்கள் சிறகு முற்றிக் காத்திருக்கின்றன. உலர்ந்த காற்றில் அவற்றின் மெல்லுடல் வற்றிவிடும். இறுகிய மண்ணைத் துளைத்துப் புதுக்குடி அமைக்கவும் இயலாது. மண் நனைந்த மாலையில் வேலைக்காரக் கறையான்கள் வாயில் திறந்துவிட, அவை ஆயிரக்கணக்கிற் புறப்படும். லயத்து இஸ்தோப்பில் தண்ணீர்த் தட்டு ஒன்றின் நடுவே விளக்கை வைத்து நாங்கள் காத்திருப்போம். விழுந்தவற்றை வறுத்து அரிசிப் பொரியோடு தின்ற சுவை இன்னும் நாவில் இருக்கிறது. எங்களுக்குத் தப்பியவை சிறகை உதிர்த்துவிட்டு, ஆணும் பெண்ணுமாய் ஒன்றன்பின் ஒன்று ஓடி மண்ணுள் மறையும். அந்த ஓட்டத்தைக் கண்டு நகைத்த எனக்கு, அது எங்கள் வீட்டுக்கே அடிக்கல் நாட்டும் ஓட்டம் என்பது அப்போது தெரியாது.

கறையானை வெள்ளெறும்பு என்பது பிழை. அது எறும்பினமன்று; கரப்பான் பூச்சியின் உறவென்பது இன்றைய ஆராய்ச்சியின் முடிவு. மண்ணிற் புற்றமைக்கும் கறையான்களிற் பல, மரத்தையும் தாளையும் அரைத்துக் கொண்டுபோய், புற்றுக்குள் அவற்றின்மேல் பூஞ்சையைப் பயிரிட்டு உண்கின்றன. கொழுந்து பறிக்கும் நம் மக்களைப்போல அதுவும் ஒரு தோட்டத் தொழிலாளிதான். விளைச்சலைத் தானே உண்பது ஒன்றே வேறுபாடு.

லயத்துக் காம்பரா அதற்கு ஏற்ற இடம். சாணமிட்டு மெழுகிய மண் தரை, மண் சாந்து வைத்த கற்சுவர், மூலையிலே விறகுக் கட்டு, ஓயாத ஈரம். எங்கள் காம்பராவில் சுவரை ஒட்டி என் பாட்டனாரின் தகரப் பெட்டி இருந்தது. அதிலே பொன்னில்லை, பட்டில்லை, காகிதங்கள் இருந்தன. முன்பு வேலை செய்த தோட்டத்திலிருந்து விலகியபோது கொடுத்த துண்டு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றுகள், அரிசிக் கூப்பன் புத்தகம்.

காகிதத்தின் விலை அக்காலத்தில் என்னவென்பதை இளைய வாசகர் அறிதல் வேண்டும். 1948-ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டு வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் ஒரு வாயில் திறந்தது. ஆனால், 1946 ஜனவரி 1-ஆம் தேதிக்கு முன்னரே, மணமானவர் 7 ஆண்டும் ஏனையோர் 10 ஆண்டும் இடையறாது இங்கு வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும் என்றது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின; பிரஜாவுரிமை பெற்றவர் சுமார் 1,34,000 பேர். எழுத்தறியாத மனிதன் தன் வாழ்நாளையே தாளிற் காட்ட வேண்டியிருந்தது.

பாட்டனாருக்கு விசாரணை அழைப்பு வந்ததும் ஒரு பங்குனியில்தான். பெட்டியைத் தூக்கினார்; அடித்தகடு துருப்பிடித்துத் தரையோடு நின்றுவிட்டது. உள்ளே தாள்கள் இருந்த இடத்தில் ஈரமண். பாட்டியார் ஒரு சொல்லும் சொல்லாமல் முறத்தை எடுத்து வந்து அந்த மண்ணைப் புடைத்துத் தேடியதாக என் தந்தையார் கூறுவார். கிடைத்தது துண்டில் ஒரு பாதி. விசாரணையிலே, “கறையான் தின்றுவிட்டது ஐயா” என்று அவர் சொன்னது உண்மை. ஆனால் அது சான்றாகவில்லை. விண்ணப்பம் தள்ளப்பட்டது.

1964 அக்டோபர் 30-ஆம் நாள் செய்துகொண்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. பாட்டனாரும் பாட்டியாரும் என் சிற்றப்பாவோடு தலைமன்னாரிற் கப்பலேறினர். தந்தையார் இங்கேயே நின்றார். எஞ்சிய நாடற்றோர்க்கு 1988, 2003 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் உரிமை தந்தன. அதைக் கேட்கப் பாட்டனார் இருக்கவில்லை.

பெட்டி என்னிடம் இருக்கிறது. பாட்டியார் புறப்படுமுன் என் தாயாருக்குச் சொன்ன முறைப்படி, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, நான்கு செங்கற்களின்மேல் வைத்திருக்கிறேன். கறையான் வெளிச்சத்தில் நடமாடாது. மண்குழாய் கட்டிக்கொண்டுதான் ஏறும். செங்கல்லில் அக்குழாய் கண்ணுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமைதோறும் பார்த்துச் சுரண்டிவிட்டால் போதும்.

இவ்வாண்டும் பங்குனி மழை பெய்த மறுநாள் குனிந்து பார்த்தேன். கதவோரச் செங்கல்லில் விரலளவு குழாய் ஏறியிருந்தது. உடைத்தபோது உள்ளே மண் ஈரமாயிருந்தது. சுரண்டியபின் பெட்டியைத் திறந்து அந்தப் பாதித் துண்டை எடுத்துப் பார்த்தேன். தோட்டத்தின் பெயர் இருக்கிறது, ஆண்டு இருக்கிறது. ஆளின் பெயர் இருந்த பக்கத்தைத்தான் கறையான் தின்றிருக்கிறது.