தாய்க்கோழி வைத்த காவல்

முட்டையைத் தோசைக்கல்லின் விளிம்பில் தட்டி உடைக்கிறோம்; ஓட்டைக் குப்பையில் போடுகிறோம். நாளும் நம் கைபடும் அந்த ஓட்டை ஒருமுறையாவது வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? அரை மில்லிமீட்டர்கூட இல்லாத கனம். அந்த மெல்லிய சுண்ணாம்புச் சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஏறத்தாழ 10,000. அடைகாக்கும் 21 நாளில் அவற்றின் வழியே சுமார் 6 லிட்டர் ஆக்சிஜன் உள்ளே வருகிறது. நாலரை லிட்டர் கரியமில வாயுவும் 11 லிட்டர் நீராவியும் வெளியே போகின்றன. உடலியல் அறிஞர் ஹெர்மன் ரானும் அவருடன் ஆய்ந்தவர்களும் அளந்து சொன்ன கணக்கு இது. உள்ளங்கையில் அடங்கும் ஒரு முட்டைக்கு இத்தனை பெரிய மூச்சு!

கதவு திறந்திருக்கும் வீட்டுக்குள் காற்று மட்டுமா வரும்? எச்சத்திலும் கூட்டிலும் தூசியிலும் கோடிக்கணக்கான கிருமிகள் அந்த வாசலில் காத்திருக்கின்றன. படைப்பு அதையும் எண்ணியிருக்கிறது. முட்டை வெளிவரும்போது அதன் மேல் ஈரமாகப் படிந்திருக்கும் ஒரு மெல்லிய பூச்சு, சில நிமிடங்களில் காய்ந்து, துளைகளின் வாயை மூடிக்கொள்கிறது. காற்றை விடுகிறது, கிருமியை மறிக்கிறது. ஓட்டுக்கு உள்ளே இரண்டு சவ்வுகள். அவற்றையும் தாண்டி வந்தால், வெண்கரு.

வெறும் வழுவழுப்பு என்று நாம் நினைக்கும் அந்த வெண்கருவின் முன் கைகூப்பி நிற்கத்தான் தோன்றுகிறது. அதில் உள்ள லைசோசைம் என்ற பொருள் பாக்டீரியாவின் சுவரையே கரைத்துவிடுகிறது. அலெக்சாண்டர் ஃபிளெமிங் பெனிசிலினைக் காண்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே, 1922-ல், உலகுக்கு அறிவித்த பொருள் இது. நம் கண்ணீரிலும் இருக்கிறது. வெண்கருவில் நிறைந்து கிடக்கிறது. இன்னொரு புரதம், கிருமி வளரத் தேவையான இரும்புச் சத்தை அதன் கைக்கு எட்டாமல் பற்றிக்கொள்கிறது. மற்றொன்று பயோட்டின் என்ற உயிர்ச்சத்தைப் பூட்டி வைக்கிறது. முட்டையிலிருந்து கரியமில வாயு வெளியேற வெளியேற வெண்கருவின் காரத்தன்மையும் ஏறி, பல கிருமிகளுக்கு ஆகாத இடமாக அது மாறுகிறது. இத்தனையும் செய்த தாய்க்கோழி, முட்டையிட்டு ஒருமுறை கொக்கரித்துவிட்டு இரை பொறுக்கப் போய்விடுகிறது.

இந்தக் காவலுக்கும் பலவீனமான ஒரு நாழிகை உண்டு. கோழியின் உடற்சூடு ஏறத்தாழ 41 டிகிரி செல்சியஸ். அந்தச் சூட்டோடு வெளிவரும் முட்டை ஆறும்போது உள்ளிருப்பது சுருங்குகிறது. வெளிக்காற்று துளைவழியே உறிஞ்சப்படுகிறது. முட்டையின் அகன்ற முனையில் உள்ள காற்றறை பிறப்பது அப்படித்தான். குஞ்சு தன் நுரையீரலால் இழுக்கும் முதல் மூச்சு அந்தச் சின்னஞ்சிறு அறையின் காற்று. அறை உருவாகும் அதே வேளையில் ஓடு எச்சத்தில் கிடந்தால், காற்றோடு வேறொன்றும் உள்ளே போகிறது. தாய்க்கோழிப் பண்ணைகளில் நாளுக்குப் பலமுறை முட்டை பொறுக்குவதும், தரையில் இட்ட முட்டையைத் தனியே ஒதுக்குவதும் இதனால்தான். அழுக்கு முட்டையைக் குளிர்ந்த நீரில் கழுவுவது நல்லெண்ணத்தால் செய்யும் தீங்கு. குளிர் பட்டதும் முட்டை சுருங்கி அந்த அழுக்கு நீரையே குடிக்கிறது.

நாமக்கல், பல்லடம் பக்கத்துக் குஞ்சு பொரிப்பகங்களை எண்ணிப் பாருங்கள். அங்கே தாய்க்கோழியின் இடத்தில் நாம் உட்கார்ந்திருக்கிறோம். அவள் இறகுக்கடியில் பத்துப் பன்னிரண்டு முட்டைகள். செட்டர் என்னும் நம் அடைகாப்பு இயந்திரத்துக்குள் பல்லாயிரம். அவள் அலகால் உருட்டிவிட்டதை, தட்டுகளை மணிக்கொருமுறை சாய்த்துச் செய்கிறோம். அவள் அடிவயிற்றின் சூட்டை 37.5 டிகிரிக்கு அருகில் நிறுத்திப் பிடிக்கிறோம். குஞ்சுக்கு இதமான அந்தச் சூடும் ஈரமும் கிருமிக்கும் இதமானவை. கூட்டில் ஒரு முட்டை அழுகினால் பக்கத்து முட்டைகளோடு போயிற்று. செட்டரில் ஒன்று அழுகி வெடித்தால், காற்றாடி அதை எல்லாத் தட்டுகளுக்கும் கொண்டு சேர்க்கிறது. முட்டைகளைச் சேமித்து வைக்கும் 18 டிகிரி அறையிலிருந்து முட்டையைத் திடீரென்று வெளியே எடுத்தால் ஓடு வியர்க்கிறது. காய்ந்த ஓட்டில் செயலற்றுக் கிடந்த கிருமிக்கு அந்தத் துளி நீரே ஓடமாகிறது. குஞ்சு பொரிந்த அறையில் பறக்கும் மென்தூவியிலும் கிருமியும் பூஞ்சை விதையும் ஒட்டியிருக்கும். ஆகவே அங்கே காற்று எப்போதும் சுத்தமான அறையிலிருந்து அழுக்கு அறைக்கே ஓட வேண்டும். ஆட்களும் அப்படியே நடக்க வேண்டும்.

எனக்கு எல்லாவற்றிலும் பெரிய வியப்பு, பொரிவதற்கு முந்தைய ஓரிரு நாள். 18-ஆம் நாள் முட்டைகள், குஞ்சு பொரியும் இயந்திரமான ஹேச்சருக்கு மாறிவிடும். அதன்பின், மிச்சமிருக்கும் மஞ்சள்கரு முழுவதையும் குஞ்சு தொப்புள் வழியாகத் தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டு வாசலை மூடிக்கொள்கிறது. பொரிந்தபின் இரண்டு மூன்று நாள் தாங்கும் கட்டுச்சோறு அது. அதில் உணவு மட்டுமில்லை. தாய் தன் வாழ்நாளில் சந்தித்த நோய்களுக்கு எதிரான ஆற்றலும் கரைந்திருக்கிறது. ஃபெலிக்ஸ் கிளெம்பரர் 1893-லேயே இதைக் காட்டினார்: நோய் எதிர்ப்பு ஊட்டப்பட்ட கோழியின் மஞ்சள்கரு எலிகளைக் காத்தது. தாய்க்கோழிக்குப் போடும் தடுப்பூசி, அது ஒருநாளும் பார்க்கப்போகாத பிள்ளைகளுக்கும் சேர்கிறது.

அந்தத் தொப்புள் சரியாக மூட வேண்டுமே. கடைசி நாட்களில் சூடு மிஞ்சினால் மூடாமல் நிற்கும். தட்டு அழுக்காக இருந்தால், ஈ. கோலி என்ற பாக்டீரியா அவ்வழியே மஞ்சள்கருவுக்குள் இறங்கி, முதல் வாரத்திலேயே குஞ்சைக் கொண்டுபோய்விடும். தாய் கட்டிக்கொடுத்த சோறே நஞ்சாவதை நினைத்தால் மனம் பதறுகிறது. இதற்கு மருந்து முதலில் சோப்பும் தண்ணீரும் தேய்ப்பும்தான். உடைந்த ஓடும் எச்சமும் ஒட்டிய தட்டின் மேல் எந்தக் கிருமிநாசினியை ஊற்றினாலும் அழுக்கே அதன் வலுவைத் தின்றுவிடும். தேய்த்துக் கழுவி, கிருமிநாசினி அடித்து, காயவிட்டு, பிறகே அடுத்த முட்டை.

அந்தப் பொறுமை இல்லாத இடத்தில் ஊசி வருகிறது. கனடாவின் கியூபெக் மாநிலப் பொரிப்பகங்களில், செஃப்டியோஃபர் என்ற ஆன்டிபயாட்டிக்கை முட்டைக்குள்ளேயே செலுத்திவந்தார்கள். கோழி இறைச்சியிலும் நோயுற்ற மனிதரிடத்திலும் அந்த மருந்துக்கு அடங்காத சால்மொனெல்லா பாக்டீரியா பெருகியது. 2005-ல் பொரிப்பகத்தார் தாமாகவே ஊசியை நிறுத்தினார்கள். இரண்டு இடத்திலும் அந்த எதிர்ப்பு வெகுவாகக் குறைந்தது. 2007-ல் ஓரளவு மீண்டும் தொடங்கியபோது அதுவும் மீண்டும் தலைதூக்கியது. முட்டையில் போட்ட ஊசி மனிதக் குடலில் பதில் சொன்னது. நம் பொரிப்பகத்தாரும் மருந்துப் புட்டியைத் திறக்குமுன் செட்டரின் சூட்டைப் பார்க்கட்டும், கழுவிய தட்டைத் தடவிப் பார்க்கட்டும், பெட்டிக்குப் போகும் குஞ்சுகளில் சிலவற்றைத் திருப்பித் தொப்புளைப் பார்க்கட்டும்.