விரிந்து நிற்கும் காதும் அதனைச் சீர்செய்யும் வகையும்

விருத்தாசலத்திற்குச் சென்றிருந்தபோது அங்குள்ள பீங்கான் தொழிற்கூடம் ஒன்றில் சிறிது நேரம் நின்று வேடிக்கை பார்த்தோம். அச்சில் வார்த்தெடுத்த கோப்பைகள் பலகைமேல் வரிசையாக உலர்ந்துகொண்டிருந்தன. தொழிலாளி ஒருவர் கோப்பையின் பக்கத்தைக் கம்பியால் கீறி, களிமண் குழம்பைத் தடவி, பிடியை ஒட்டவைத்தார். அப்பிடிக்குக் காது என்று பெயர். மண் மிகவும் காய்ந்துபோனால் காது ஒட்டாது என்றும், ஈரம் மிகுந்தால் சரிந்துவிடும் என்றும், பதம் பார்த்தே வைக்கவேண்டும் என்றும் அவர் சொன்னார். மனிதரின் காதைப்பற்றி ஒரு வியாசம் எழுதவேண்டுமென்று நெடுநாளாக நமக்கிருந்த எண்ணம் அவ்விடத்தே உருப்பெற்றது.

சிலருடைய காதுகள் தலையோடு படிந்திராமல் இருபுறமும் விரிந்து நிற்கும். இது நோயன்று. கேள்விப்புலனுக்கு இதனால் யாதொரு குறைவும் இல்லை. ஒலியை உணரும் நுண்ணிய கருவி கபாலத்தின் உள்ளே பத்திரமாக இருக்கிறது. பல குடும்பங்களில் இது தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து வருவதுண்டு. பெரிய காது அதிர்ஷ்டத்தின் அறிகுறி என்று நம் பாட்டிமார் தேறுதல் சொல்வர்.

அங்ஙனமாயின் இதற்குச் சிகிச்சை எதற்கு என்று கேட்போர், தாம் படித்த பள்ளிக்கூடத்தை மறந்தவரே ஆவர். முறக்காதன், யானைக்காதன் என்னும் பட்டங்களைச் சூட்டுவதில் சிறுவர்க்கு நிகர் யாருமில்லை. நாமும் மாணவப் பருவத்தில் தோழன் ஒருவனை அவ்வாறு அழைத்தோம். அவனும் உடன் சேர்ந்து சிரித்தான். பல்லாண்டுகளுக்குப் பின், தனக்குப் பிறந்த மகனை முதன்முதல் கையில் வாங்கியபோது தான் பார்த்தது குழந்தையின் முகத்தையன்று, காதையே என்று அவன் சொன்னான். அக்காலத்துச் சிரிப்பின் பொருள் நமக்கு அப்போதுதான் விளங்கிற்று.

அத்தோழனுக்கு அன்று ஒருவரும் சொல்லாத செய்தி ஒன்றுண்டு. காதின் வடிவத்தைத் தாங்குவது குருத்தெலும்பு. பிறந்த சிசுவின் உடலில் தாயினிடமிருந்து வந்த ஈஸ்ட்ரோஜென் என்னும் சுரப்புப்பொருள் சில வாரங்கள் தங்கியிருக்கும். அதன் செயலால் அக்குருத்தெலும்பு ஈரக் களிமண்போல் இளகி, வைத்த வடிவில் நிற்கும் தன்மையுடையதாய் இருக்கிறது. அக்காலத்தில் மிருதுவான சிறு அச்சு ஒன்றைக் காதிற் பொருத்தி ஒட்டுத்துணியால் சில வாரம் கட்டிவைத்தால், கத்தியின்றியே காது சீர்ப்படக்கூடும். ஜப்பானிய வைத்தியர் 1980-களில் இம்முறையை விளக்கி எழுதினர். பிறந்த முதல் சில நாட்களில் தொடங்குதல் மிக நன்று. ஆறு வாரத்திற்குமேற் போனால் பயன் குறைந்துகொண்டே வரும். ஆனால் வீட்டில் துணியாலும் பசையாலும் இறுகக் கட்டுதல் கூடாது. சிசுவின் தோல் புண்ணாகிவிடும். இதனை வைத்தியரே செய்தல் வேண்டும்.

அப்பதம் தவறிவிட்டால் ஐந்து அல்லது ஆறு வயதுவரை காத்திருக்கவேண்டும். அவ்வயதிற்குள் காது தன் முழு வளர்ச்சியில் பெரும்பகுதியை அடைந்துவிடுகிறது. தையலைத் தாங்கும் உறுதியும் குருத்தெலும்புக்கு வந்துவிடுகிறது. இவற்றினும் முக்கியமானது, தனக்கு இது வேண்டுமா என்பதைக் குழந்தையே சொல்லக்கூடிய வயது அது. கவலை பெற்றோருக்கே அன்றிக் குழந்தைக்கு இல்லையாயின், கத்தியை எடுக்கவேண்டிய அவசரம் என்ன?

சிகிச்சையை விளங்கிக்கொள்ளக் கண்ணாடிமுன் நின்று உங்கள் காதையே பாருங்கள். சுருண்ட வெளிவிளிம்புக்கு உட்புறமாக, அதனோடு ஒத்து வளைந்து செல்லும் மேடு ஒன்று தெரியும். அம்மேடு சரியாக மடிந்து எழாவிடில் காதின் மேற்பாகம் தட்டையாகி விரியும். காதின் நடுவே கிண்ணம்போன்ற குழி ஒன்றுண்டு; அது ஆழம் மிகுந்திருப்பின் காது முழுவதும் முன்னே தள்ளப்படும். சிலரிடம் இரண்டும் சேர்ந்திருக்கும். விளிம்புக்கும் தலைக்கும் இடைவெளி ஏறக்குறைய 2 சென்டிமீட்டருக்கு மேற்படின் அது விரிந்த காது என்பர்.

நியூயார்க் நகரில் ஈலி என்பார் 1881-ஆம் ஆண்டில் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு இக்குறையை அறுத்துச் சீர்செய்தார். மேடு மடியாமையே காரணம் என்பதை 1910-இல் லக்கெட் என்பவர் எடுத்துக்காட்டினார். இக்காலத்தில் வைத்தியர் காதின் பின்புறத்தே, தழும்பு மறைந்திருக்கும் இடத்தில், தோலைக் கீறுகிறார். குருத்தெலும்பை நிலையான நூலால் தைத்து, இல்லாத மேட்டை உண்டாக்குகிறார். இது 1963-இல் மஸ்டார்டே என்பார் வெளியிட்ட முறை. குழி ஆழமாயின் அதனைப் பின்னுள்ள எலும்பின் மேலுறையோடு சேர்த்துத் தைப்பது 1968-இல் பர்னாஸ் கூறியது. வேறொரு வழியுமுண்டு. குருத்தெலும்பின் ஒரு பக்கத்தைக் கீறினால் அது தானாகவே மறுபக்கம் வளையும். ஆகவே முன்பக்கத்தை மெல்லக் கீறிக் காதைப் பின்னோக்கி வளையச் செய்வர். பீங்கான் தொழிலாளியும் கீறுகிறார். ஆயின் அவர் கீறுவது ஒட்டுவதற்காக, இவர் கீறுவது வளைப்பதற்காக.

குயவரையும் ரண வைத்தியரையும் ஒருங்கே பேசுதல் மிகையென்று எண்ணற்க. திப்பு சுல்தானிடம் சிறைப்பட்டு மூக்கறுபட்ட கோவாஸ்ஜி என்னும் வண்டிக்காரருக்குப் பூனாவுக்கருகே நெற்றித்தோலால் புதிய மூக்கு அமைத்தவர் செங்கல் செய்யும் குலத்தினர். அச்செய்தி 1794-இல் லண்டன் பத்திரிகையொன்றில் வெளிவர, அதனைப் பின்பற்றிக் கார்ப்யூ என்னும் ஆங்கிலேயர் 1814-இல் அச்சிகிச்சையைச் செய்தார். அதற்கும் மிக முந்திய சுசுருத சங்கிதையில் அறுந்த காதுமடலை இணைக்கும் வகைகள் பதினைந்து கூறப்பட்டுள்ளன. நம் நாட்டில் தண்டட்டியும் பாம்படமும் அணிந்து மடலை வடித்துத் தொங்கவிட்ட பெண்டிர், காலம் மாறியபின் அதனை அறுத்துத் தைத்துக்கொண்டதும் உண்டு. அது குருத்தெலும்பில்லாத மடலின் வேலையாதலால் இதனினும் எளியது.

குழந்தைகளுக்கு முழு மயக்கம் கொடுத்தும், பெரியவர்களுக்குப் பெரும்பாலும் அவ்விடத்தை மட்டும் மரக்கச் செய்தும் இச்சிகிச்சை நடைபெறும். ஏறக்குறைய ஒரு வாரம் கட்டு இருக்கும். பின்னர்ச் சில வாரம் இரவில் தலைப்பட்டி அணிதல் வேண்டும். முதல் ஓரிரு நாளில் ஒரு காதில் மட்டும் வலி மிகுந்தால் உள்ளே இரத்தம் கட்டியிருத்தல் கூடும். விடியட்டும் என்று காத்திராமல் உடனே வைத்தியரிடம் காட்டவேண்டும். தையல் தளர்ந்து காது பழையபடி விரிதலும், இரண்டும் சற்றே ஒவ்வாதிருத்தலும் சிலர்க்கு நேரும். கருநிறத் தோலுடைய நம்மவர் மறவாது கேட்கவேண்டியது ஒன்றுண்டு: தழும்பு தடித்துக் கட்டியாக வளரும் இயல்பு சிலர்க்கு உடலிலேயே அமைந்திருக்கிறது. காது குத்திய இடத்தில் அவ்வாறு வளர்ந்திருந்தால் அதனை முதலிலேயே வைத்தியரிடம் சொல்லிவிடுதல் நலம்.

வயது வந்தோர்க்குக் குருத்தெலும்பு விறைத்துப்போவதால் தையல் மட்டும் போதாது, கீறலும் பலமுறை தேவைப்படும். எனினும் இங்கே நம் உவமை பொய்த்துவிடுகிறது. சூளையிலிருந்து வந்த கோப்பையை வளைக்க முடியாது. மனிதனின் காதை எவ்வயதிலும் திருத்தலாம்.

நம் தோழனின் மகனுக்கு இப்போது ஒன்பது வயது. சிகிச்சை செய்துகொள்கிறாயா என்று தந்தை கேட்டதற்கு, முடியைச் சற்று நீளமாக வளர்த்துக்கொள்ள விட்டால் போதும் என்றானாம். தந்தையோ, நாற்பது வயதைக் கடந்தவர், இப்போது தமக்காக விசாரித்துக்கொண்டிருக்கிறார்.