பேச்சிழந்தவரின் அறிவு

நேற்றுவரை வலைக் கணக்கையும் வட்டிக் கணக்கையும் மனப்பாடமாய்ச் சொல்லிவந்த பெரியவர் ஒருவர், இன்று காலை தண்ணீர் கேட்க எண்ணி வேறேதோ உளறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். "புத்தி பேதலித்துவிட்டது" என்பர் சிலர். "காற்றுச் சேஷ்டை" என்பர் வேறு சிலர். சித்தம் கலங்கியோரை நமது இராமநாதபுரம் சீமையிலுள்ள ஏர்வாடிக்கு அழைத்து வருவது நெடுநாளைய வழக்கம். நோயாளிகளைச் சங்கிலியில் பிணைத்து வைத்திருந்த காப்பகமொன்று அங்கே 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் தேதி தீப்பற்றி, 28 பேர் மாண்டனர். நோயின் தன்மையறியாமல் மனிதரைக் கட்டிவைப்பதன் விளைவு அது.

பேச்சிழத்தல் பைத்தியமன்று. 1861-இல் பாரிஸ் நகரத்து டாக்டர் புரோக்கா, 'டான்' என்ற ஓரசையன்றி ஏறக்குறைய வேறெதுவும் சொல்லமாட்டாத ஒரு நோயாளியைக் கண்டார். பிறர் பேசுவது அவருக்குப் பெரும்பாலும் விளங்கிற்று. அவர் இறந்தபின் சோதித்ததில், மூளையின் இடப்புற முன்பகுதி கெட்டிருந்தது. 1874-இல் ஜெர்மானியரான வெர்னிக்கே இதற்கு மாறான நோயை விவரித்தார்: பேச்சு தாராளமாய் வரும், ஆயின் பொருள் இராது, பிறர் சொல்வதும் விளங்காது. ஆகவே, சொல்லுதலும் உணர்தலும் ஒரே சக்தியல்ல என்பது புலனாயிற்று. தம் பெயரைச் சொல்லத் திணறுபவர் பழகிய பாட்டைப் பிழையின்றிப் பாடுவதும் உண்டு.

பரமக்குடிச் சௌராஷ்டிர நெசவாளர், வீட்டில் சௌராஷ்டிரமும் கடைவீதியில் தமிழும் பேசுகின்றனர். இத்தகையோருக்குப் பேச்சு போனால், சிலசமயம் ஒரு பாஷை முன்னும் மற்றது பின்னுமாகத் திரும்புகிறது. ஹைதராபாத்தில் பக்கவாத நோயாளிகள் 608 பேரை ஆராய்ந்து 2016-இல் வெளியிட்ட முடிவு வியப்புக்குரியது. நோய்க்குப்பின் அறிவுத் திறன் குன்றாதிருந்தோர், பல பாஷை பேசுவோரில் நூற்றுக்கு 40.5, ஒரே பாஷை பேசுவோரில் 19.6 மட்டுமே. ஆனால் பேச்சிழந்தோரின் விகிதம் இரு சாராரிடமும் ஏறக்குறைய ஒன்றே. பாஷைகளை மாற்றி மாற்றி ஆளும் பழக்கம் நாவைவிடக் கவனத்தையே உரமாக்குகிறது போலும்!

முகம் கோணி, ஒரு கை தளர்ந்து, பேச்சுக் குழறினால் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு விரைக. இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்கத்தக்கது. பிழைத்து வந்தவரிடம் செவிடரிடம்போல் கூச்சலிட வேண்டாம். தலையசைத்து விடை தரக்கூடிய சிறு கேள்வியாகக் கேட்டுப் பொறுத்திருங்கள். குடும்பக் காரியங்களில் அவரது சம்மதத்தையும் கேளுங்கள்.