கௌபாய் படத்தில் காதல் வேகும் விதம்

மலேசியாவில் கோப்பெங் பக்கம் சாயங்காலம் ஏதாவது ஒரு மாமாக் கடை அடுப்புப் பக்கத்தில் நின்று, மீ கோரெங் பிரட்டுவதைக் கொஞ்ச நேரம் பாருங்கள். மஞ்சள் மீ சீனருடையது. பிரட்டுகிறவர் தமிழ் முஸ்லிம். சம்பல் இந்த மண்ணின் சரக்கு. ஆனால் தட்டில் விழுவதை யாரும் சீனச் சாப்பாடு என்று சொல்வதில்லை. தமிழ் ஆட்கள் எடுத்த கௌபாய் படங்களும் இந்த வகைதான். அதிலும் குதிரை, துப்பாக்கியோடு காதலும் சிரிப்பும் சேர்ந்துவிட்டால் உள்ளே என்ன நடக்கிறது? இந்த ஒரு தட்டை வைத்தே சொல்லிவிடலாம். நீங்கள் கௌபாய் படமே பார்த்ததில்லை என்றாலும் பரவாயில்லை.

முதலில் மீ. அதாவது அடிக்கதை. வறண்ட ஊர் ஒன்று; போலீசும் கோர்ட்டும் எட்டாத தூரத்தில் இருக்கின்றன. ஊரின் நிலம், கடை, தண்ணீர் எல்லாம் ஒருத்தன் கையில். அப்போது வெளியூரான் ஒருவன் குதிரையில் வருகிறான், அந்த ஒருத்தனை அடித்து நொறுக்குகிறான், வந்த வழியே போய்விடுகிறான். அவ்வளவுதான் மீ. இதை யாரும் வீட்டில் பிசைவதில்லை, எல்லாரும் வெளியில் வாங்குவதுதான். ஜப்பானின் அகிரா குரோசாவா 1961-ல் ‘யோஜிம்போ’ என்ற சாமுராய் படம் எடுத்தார். இத்தாலியின் செர்ஜியோ லியோனி அந்தக் கதையைத் தூக்கி, சாமுராய்க்குப் பதிலாக கிளின்ட் ஈஸ்ட்வுட்டைக் குதிரையில் ஏற்றி, 1964-ல் ‘எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்’ ஆக்கினார். அந்த வரிசைப் படங்களுக்கே ‘ஸ்பெகட்டி வெஸ்டர்ன்’ என்று பெயர் விழுந்தது. ஸ்பெகட்டி இத்தாலிக்காரர்களின் மீ என்பதால் நம் தட்டுக்கு ரொம்பத் தூரமில்லை.

தமிழில் இந்த மீயை முதலில் மொத்தமாக வாங்கியவர்களில் கர்ணன் முக்கியமானவர். ஒளிப்பதிவாளராக இருந்து இயக்குநரானவர். ஜெய்சங்கரை வைத்து 1970-ல் ‘காலம் வெல்லும்’, 1972-ல் ‘கங்கா’ என்று வரிசையாகக் குதிரைப் புழுதி கிளப்பினார். பிறகு 1978-ல் தேவர் பிலிம்ஸ் ‘தாய் மீது சத்தியம்’ படத்தில் ரஜினிக்கே கௌபாய் உடுப்பு மாட்டியது.

மீ வந்தாயிற்று. ஆனால் வெறும் மீயை யார் சாப்பிடுவார்கள்? அடுத்து சம்பல். வாணலியில் எண்ணெய் காய்ந்ததும் சம்பல்தான் முதலில் விழ வேண்டும். அது எண்ணெயில் பிரிந்த பிறகு மீயைப் போட்டால்தான் இழை இழையாகச் சாரம் ஏறும். மேலே ஊற்றினால் அது மேலேயே நிற்கும். படத்திலும் உள்ளூர்ச் சரக்கு கதைக்கு அடியில் இருக்க வேண்டும். தொப்பி போட்ட ஆளைத் தமிழ் பேச வைத்தால் மட்டும் போதாது.

சிம்புதேவன் இதைத் தெரிந்து செய்தார். பத்திரிகையில் கார்ட்டூன் போட்டு வந்தவர், ‘இம்சை அரசன் 23ஆம் புலிகேசி’க்குப் பிறகு 2010-ல் ‘இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்’ எடுத்தார். அதில் அடிபடும் ஊரின் பெயர் ஜெய்சங்கர்புரம். நாசர் செய்த வில்லனின் பெயர் கிழக்குக்கட்டை. கிளின்ட் ஈஸ்ட்வுட்டைத் தெரிந்தவர்கள் முதல் தடவை கேட்டதுமே சிரித்திருப்பார்கள். ஊரைக் காத்த சிங்கம் இல்லாமல் போகிறான். அவனைப் போலவே இருக்கும் சிங்காரத்தை ஊர்க்காரர்கள் கூட்டிவந்து சிங்கமாக நடிக்க வைக்கிறார்கள். இரண்டு வேடத்திலும் ராகவா லாரன்ஸ். ஆள்மாறாட்டம் நம் நாடகமேடைக் காலத்துச் சரக்கு, அது இங்கே மீயோடு சேர்ந்தே வதங்கியிருக்கிறது.

இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் திடலில் வெள்ளைத்துணி கட்டிப் படம் போட்ட காலத்தில், லயத்துச் சனம் பாயை விரித்து உட்கார்ந்து பார்த்தது. ஊர் முழுக்க ஒருத்தனிடம் கடன்பட்டுக் கிடக்கும் கதையை அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. சம்பளத்தன்று கடைக்கணக்குக் கழித்து மீதி வாங்கிய கை அது. தொரை, கிராணி, கங்காணி என்று அடுக்கடுக்காக ஆள்கிறவர்களையும் பார்த்திருந்தார்கள். உச்சியில் இருப்பவனைத் தனி ஆளாக ஒருத்தன் எதிர்த்தால் விசில் பறக்காமல் என்ன செய்யும்?

இப்போது தீ. அதாவது சிரிப்பு. அடுப்பு மந்தமாக எரிந்தால் மீ தண்ணீர் விட்டுக் குழைந்துவிடும், தீ சீறிக்கொண்டே இருக்க வேண்டும். கௌபாய் நகைச்சுவையில் அந்தத் தீ நடிகரின் முகத்தில் இருக்கிறது. அவர் சிரிக்கவே கூடாது. தான் வேடிக்கையான ஆள் என்று அவருக்குத் தெரியவே கூடாது. ‘குயிக் கன் முருகன்’ இதற்கு நல்ல பாடம். 1994-ல் ஒரு இசைச் சேனலின் குட்டி விளம்பரங்களில் பிறந்த பாத்திரம், 2009-ல் ஷஷாங்கா கோஷ் இயக்கத்தில் முழுப்படமானது. தெலுங்கு நடிகர் ராஜேந்திர பிரசாத் சிறுத்தைப்புள்ளி மேல்சட்டையும் கௌபாய் தொப்பியும் போட்டு, கொஞ்சமும் சிரிக்காமல் நடந்து வருவார். அமெரிக்க கௌபாய் மாட்டை ஓட்டிக்கொண்டு போய் இறைச்சிக்கு விற்கிறவன். நம் முருகன் சைவம். மாட்டைக் காப்பதே அவன் கடமை. எதிரி ரைஸ் பிளேட் ரெட்டி அசைவ தோசை விற்கத் துடிப்பவன். அதையும் நாசர்தான் செய்தார். மாடு என்ற ஒரே ஒரு விஷயத்தைத் திருப்பிப் போட்டார்கள், படம் முழுக்க அந்தத் தீ எரிந்தது.

பிறகு முட்டை. இதுதான் காதல், கைத்திறன் தெரிகிற இடமும் இதுதான். ஏன் கஷ்டம்? கௌபாய் கதையின் விதி, நாயகன் கடைசியில் ஊரை விட்டுப் போக வேண்டும். காதல் கதையின் விதி, அவன் இருந்துவிட வேண்டும். இரண்டும் ஒரே வாணலியில். மாஸ்டர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். மீயை ஒரு பக்கமாக ஒதுக்குகிறார், காலியான இடத்தில் முட்டையை உடைத்து ஊற்றுகிறார், அரைவேக்காடு ஆகும்வரை தொடமாட்டார், அப்புறம்தான் மீயை அதன்மேல் புரட்டுகிறார். அதுபோலச் சண்டையைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துக் காதலுக்கென்று ஓர் இடம் காலி செய்ய வேண்டும்.

ஹாலிவுட்டில் 1965-ல் வந்த ‘கேட் பலூ’ அப்படிச் செய்தது. அப்பாவை ஒரு கொலைகாரனிடமிருந்து காப்பாற்ற ஜேன் ஃபோண்டா துப்பாக்கிக்காரன் ஒருவனை வரவழைத்தால், வந்து சேர்வது மொடாக்குடிகாரன். கொலைகாரன், குடிகாரன் இரண்டு வேடமும் லீ மார்வின். குடிகாரனுக்கு அவள்மேல் காதல், அவளுக்கோ வேறொருவன்மேல். எனவே துப்பாக்கிக்காரன் தனி ஆளாகவே இருக்கலாம், காதலும் கைகூடலாம், இரண்டு விதிக்கும் சேதாரமில்லை. சுவரில் சாய்ந்து கால்களைப் பின்னிக்கொண்டு போதையில் நிற்கும் அவன் குதிரையைப் பார்ப்பதற்காகவே படத்தைப் பார்க்கலாம். அந்த வேடங்களுக்கு ஆஸ்கார் வாங்கிய மார்வினும் மேடையில் பாதிப் பெருமையைக் குதிரைக்கே கொடுத்தார்.

முருகனின் வழி இன்னும் சாமர்த்தியமானது. அவன் காதலி கழுத்து லாக்கெட்டுக்குள் இருக்கிறாள், அங்கிருந்தே பேசுகிறாள். ஆக அவன் எந்த ஊருக்குக் குதிரையை விட்டாலும் காதலும் கூடவே வரும். ரம்பா செய்த மேங்கோ டாலி அவனைச் சுற்றி வந்தால் லாக்கெட் சும்மா இருக்குமா? முக்கோணக் காதலை இவ்வளவு சின்ன இடத்தில் அடக்கிய படம் வேறு எனக்குத் தெரியவில்லை.

‘இரும்புக்கோட்டை’ சறுக்கியதும் முட்டையில்தான் என்பது என் கணக்கு. பத்மப்ரியா, லட்சுமி ராய், சந்தியா என்று மூன்று நாயகிகள். ஒரு தட்டு மீக்கு மூன்று முட்டை உடைத்தால் எல்லாம் கட்டிகட்டியாகிவிடும். பெயர்களுக்கும் கிண்டலுக்கும் சிரித்த அளவுக்கு அந்தக் காதல்களில் மனம் ஒட்டவில்லை.

பாட்டு, சண்டை எல்லாம் தவ்கே என்கிற பயறுமுளை மாதிரி, கடைசியில் போட்டு இரண்டு புரட்டு. ஓரத்தில் வைக்கும் எலுமிச்சைத் துண்டை அவரவர் பிழிந்துகொள்ளலாம்.

இவ்வளவும் எதற்குச் சொல்கிறேன் என்றால், இப்படி ஒரு படத்தை மலேசியத் தமிழர் யாராவது எடுப்பதாக இருந்தால் கோப்பெங்குக்கு வரலாம். ஈயம் தேடி வந்தவர்கள் எழுப்பிய ஊர், சுற்றிலும் சுண்ணாம்புக்கல் மலை. பத்துகாஜா சாலையில் கெல்லி கோட்டை இருக்கிறது. ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் கெல்லி ஸ்மித் 1915-ல் மெட்ராஸிலிருந்து ஆள் வரவழைத்துக் கட்டத் தொடங்கி, 1926-ல் லிஸ்பனில் இறந்துபோனதால் முடியாமல் நின்ற மாளிகை. பக்கத்து மாரியம்மன் கோயில் கூரையில் தெய்வங்களோடு ஸ்மித் உருவமும் நிற்கும். ஜோடி ஃபோஸ்டர் நடித்த ‘அன்னா அண்ட் தி கிங்’ 1999-லேயே அந்தக் கோட்டையைப் பயன்படுத்திக்கொண்டது. மீ, சம்பல், தீ எல்லாம் இங்கேயே கிடைக்கும். குதிரைக்கு மட்டும் ஈப்போவில் பேராக் டர்ஃப் கிளப்பைக் கேட்டுப் பார்க்க வேண்டும். பந்தயக் குதிரை சுவரில் சாய்ந்து நிற்க ஒத்துக்கொள்ளுமா என்பது வேறு விஷயம்.