பேட்டரி மாற்றியும் செல்ஃப் எடுக்காத கார்

வாசகர் ஒருவர் தன் காரைப் பற்றி எழுதியிருக்கிறார். ஏழு வயதான பெட்ரோல் கார். சில நாள் காலையில் சாவியைத் திருப்பினால் ‘டக் டக் டக்’ என்ற சத்தம் மட்டும் வருகிறது, என்ஜின் அசைவதில்லை. பக்கத்து வீட்டுக் காரிலிருந்து ஜம்பர் கேபிள் போட்டால் உடனே ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. பேட்டரி போய்விட்டது என்று எல்லோரும் சொன்னதால் புதிது வாங்கினார். சில மாதம் நன்றாக ஓடிவிட்டு மறுபடி டக் டக். செல்ஃப் மோட்டாரை மாற்றினார். அதுவும் கொஞ்ச காலத்துக்குத்தான். “மீட்டர் வைத்தால் 12.6 வோல்ட் காட்டுகிறது. ஹெட்லைட் பளிச்சென்று எரிகிறது. பிறகு எங்கேதான் கோளாறு?” என்று கேட்கிறார்.

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் என்ஜின் பிடிக்கவில்லை என்றால் அது வேறு விவகாரம். பெட்ரோல் பம்ப், பொறி, கிராங்க் சென்சார் என்று தேட வேண்டும். சாவியைத் திருப்பியும் சத்தமே இல்லையென்றால் இக்னிஷன் சுவிட்ச், ரிலே, சாவியிலுள்ள சிப் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இவருடைய கார் அப்படி மௌனமாக இல்லை. அந்த ‘டக் டக் டக்’ மிகத் தெளிவான வாக்குமூலம். அவர் சாட்சியாகக் கொண்டுவந்த 12.6 வோல்ட்டும் ஹெட்லைட்டும்தான் வழக்கைக் குழப்புகின்றன.

மல்டிமீட்டர் பேட்டரியிடமிருந்து எவ்வளவு மின்னோட்டத்தைக் கேட்கிறது என்று பாருங்கள். அதன் உள்மின்தடை சுமார் ஒரு கோடி ஓம். 12.6 வோல்ட்டில் அது இழுப்பது ஒன்றேகால் மைக்ரோ ஆம்பியர். என்ஜினைச் சுற்றும்போது செல்ஃப் மோட்டார் இழுப்பதோ சின்ன காரிலேயே 150 ஆம்பியர் அளவில் இருக்கும். இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ பன்னிரண்டு கோடி மடங்கு வித்தியாசம். பேட்டரிக் கம்பத்துக்கும் அதைக் கவ்வியிருக்கும் டெர்மினலுக்கும் இடையே 0.02 ஓம் மின்தடை சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மீட்டர் வைக்கும்போது அங்கே இழப்பு ஒரு வோல்ட்டின் கோடியில் ஒரு பங்குகூட இல்லை. சாதாரண மீட்டர் எதுவும் காட்டாது. இரண்டு ஹெட்லைட்டும் சேர்ந்து இழுக்கும் 9 ஆம்பியரில் இழப்பு 0.18 வோல்ட், கண்ணுக்குத் தெரியாது. 150 ஆம்பியரில் இழப்பு 3 வோல்ட். மின்தடை அதேதான். ஓம் விதி பள்ளிக்கூடத்திலேயே முடிந்துபோன பாடம் என்று நினைப்பவர்களுக்கு இந்த இடத்தைத்தான் காட்ட வேண்டும்.

சாவியைத் திருப்பிய முதல் கணம் இன்னும் கொடுமையானது. சுற்றும் மோட்டார் தனக்கு வரும் மின்னோட்டத்தை எதிர்த்து ஒரு மின்னழுத்தத்தைத் தானே உண்டாக்கும். நிற்கும் மோட்டாருக்கு அந்த எதிர்ப்பு இல்லை. செப்புக் கம்பியின் மிகச் சிறிய மின்தடை ஒன்றுதான் தடுப்பு. அதனால் அந்தக் கணத்தில் மின்னோட்டம் 300 ஆம்பியரைத் தாண்டலாம். அழுக்கேறிய டெர்மினலில் மட்டும் 6 வோல்ட் போய்விடும். பேட்டரியின் உள்ளேயே இன்னும் மூன்று வோல்ட் இறங்கும். மோட்டாருக்கு மிஞ்சுவது மூன்றரை வோல்ட் சொச்சம்.

‘டக்’ பிறப்பது இங்கேதான். செல்ஃப் மோட்டாரின் முதுகில் ஒரு சாலினாய்டு உட்கார்ந்திருக்கிறது. அதற்குள் இரண்டு கம்பிச்சுருள்கள். ஒன்று இரும்புத் தண்டைப் பலமாக உள்ளே இழுக்கும். இன்னொன்று இழுத்த தண்டைப் பிடித்துவைத்திருக்கும். தண்டு உள்ளே போனதும் தடித்த செப்புத் தொடுப்புகள் மூடி மோட்டாருக்கு மின்சாரம் பாய்கிறது. அதே நொடியில் இழுக்கும் சுருளின் இரு முனைகளும் ஒரே மின்னழுத்தத்துக்கு வந்து அது செயலிழந்துவிடும். இனி பிடிக்கும் சுருள் மட்டும்தான். அதற்கு அதிக பலம் தேவையில்லை என்று கணக்கிட்டுச் செய்த அழகான ஏற்பாடு அது. ஆனால் மோட்டார் 300 ஆம்பியரை இழுத்தவுடன் மின்னழுத்தம் சரிகிறது, பிடிக்கும் சுருள் சோர்ந்துபோகிறது, ஸ்பிரிங் தண்டை வெளியே தள்ளிவிடுகிறது. தொடுப்பு விலகியதும் மோட்டார் இழுப்பது நின்று மின்னழுத்தம் மீண்டும் 12-ஐத் தாண்டுகிறது. உடனே இழுக்கும் சுருள் உயிர்பெற்றுத் தண்டை உள்ளே இழுக்கிறது. நொடிக்குப் பல தடவை இதே சுழற்சி. யாரும் வடிவமைக்காத ஓர் அலைவி, ஒரு கெட்ட இணைப்பால் தானாக உருவாகி, காது கேட்கும்படி துடிக்கிறது. மோட்டார்களைப் பற்றி எவ்வளவு படித்தாலும் எனக்கு இதைவிட வியப்பான காட்சி கிடைத்ததில்லை.

கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சமையற்கட்டில் அண்டா அண்டாவாகச் சாதமும் சாம்பாரும் இருக்கின்றன. சமையற்கட்டுக்கும் பந்திக்கும் நடுவே ஒரே வாசல். அதையும் பாதி மறித்து யாரோ நாற்காலிகளை அடுக்கிவிட்டார்கள். ஒருவர் மட்டும் உட்கார்ந்து ருசி பார்த்தால் குறையே தெரியாது, அவர்தான் மல்டிமீட்டர். ஒன்பது பேர் உட்கார்ந்தாலும் பரிமாறிவிடலாம், அது ஹெட்லைட். முந்நூறு பேர் ஒரே நேரத்தில் இலை முன் அமர்ந்தால் வாளிகள் வாசலிலேயே முட்டி நிற்கும். பந்திக் கதவைத் திறந்து பிடித்திருப்பவரும் அதே வாசல் வழியாக வரும் சாப்பாட்டை நம்பித்தான் நிற்கிறார். முந்நூறு பேர் அமர்ந்ததும் அவருக்கும் ஒன்றும் வராமல், தெம்பிழந்து கதவை விட்டுவிடுகிறார். பந்தி கலைகிறது. கூட்டம் இல்லாததால் அவருக்கு ஒரு கவளம் வந்துசேர, எழுந்து மறுபடி கதவைத் திறக்கிறார். மறுபடி முந்நூறு பேர்.

வாசகர் குழம்பியதற்கான காரணமும் இந்த மண்டபத்திலேயே இருக்கிறது. சமையல்காரர் சரியில்லை என்று புது ஆளைக் கூப்பிடுகிறார்கள். அவர் தன் அண்டாக்களை உள்ளே கொண்டுபோக நாற்காலிகளை நகர்த்தியாக வேண்டும். வாசல் திறந்துவிட, பந்தி அமர்க்களமாக நடக்கிறது. புகழ் புதுச் சமையல்காரருக்கு. பேட்டரி மாற்றும்போது நடப்பது அச்சு அசலாக இதுதான். பழைய டெர்மினலைத் திருகிக் கழற்றி, புதுக் கம்பத்தில் அழுத்தி மாட்டும்போது உட்புறப் படலம் உரசிப்போகிறது. கார் ஸ்டார்ட் ஆகிறது. செல்ஃப் மோட்டார் மாற்றும்போதும் கேபிள்களைக் கழற்றித் துடைத்து இறுக்குகிறார்கள். வைத்தியம் பலித்துவிட்டது போலத் தோன்றுகிறது, சில மாதத்தில் படலம் திரும்பவும் வளர்கிறது. ஜம்பர் கேபிள் இன்னும் பெரிய பொய்சாட்சி. அதன் கவ்வியை நாம் பெரும்பாலும் ஈயக் கம்பத்தில் மாட்டுவதில்லை, கம்பத்தைச் சுற்றியுள்ள டெர்மினலில்தான் மாட்டுகிறோம். கறுப்புக் கவ்வியை என்ஜின் இரும்பில் மாட்டச் சொல்கிறார்கள். பாதுகாப்புக்கு அது சரியான அறிவுரை. ஆனால் இரண்டும் சேர்ந்து கெட்டுப்போன இணைப்பைச் சுற்றிக்கொண்டு வேறு வழியாக மின்சாரத்தைக் கொண்டுபோகின்றன. கார் கிளம்பியதும் பேட்டரிதான் குற்றவாளி என்று எல்லோரும் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். நல்ல பேட்டரிகள் இப்படி எத்தனையோ எடைக்குப் போயிருக்கும் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம். உள்ளே இருப்பது கிலோக்கணக்கில் ஈயமும் கந்தக அமிலமும். அதை உருக்கி மீட்கும் வேலை எல்லா இடத்திலும் பாதுகாப்பாக நடப்பதில்லை.

படலம் எதனாலானது? அமில ஆவி கசிந்து ஈயத்தின் மேல் படிந்தால் வெள்ளை நிற ஈய சல்பேட்; செப்பின் மேல் படிந்தால் நீலமும் பச்சையுமான செப்பு சல்பேட். வெளியே பூத்திருப்பது கண்ணுக்குத் தெரியும். ஆபத்தானது, கம்பத்துக்கும் டெர்மினலுக்கும் நடுவே மறைந்திருக்கும் மெல்லிய அடுக்கு. இரண்டு உலோகப் பரப்புகள் முழுதாக ஒட்டியிருப்பது போலத் தெரிந்தாலும் நிஜத்தில் சில நுண்ணிய மேடுகளில்தான் தொடுகின்றன. மின்தொடுப்புகளை வாழ்நாள் ஆய்வாகக் கொண்ட ரக்னர் ஹோம் இதை விரிவாக எழுதிவைத்திருக்கிறார். அந்த மேடுகளில் சில படலத்தால் மூடிப்போனால், மிச்சம் உள்ளவற்றின் வழியே அத்தனை ஆம்பியரும் போக வேண்டும். ராத்திரிக் குளிரில் உலோகம் சுருங்கினாலும், மேடு பள்ளச் சாலையில் குலுங்கினாலும் தொடும் இடங்கள் மாறிவிடும். ‘நேற்று நன்றாக இருந்தது, இன்று இல்லை’ என்பதன் காரணம் இதுதான். மெக்கானிக் டெர்மினலை ஒரு தட்டுத் தட்டினால் கார் கிளம்புவதற்கும் காரணம் இதுவே.

வரலாறு கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: ஈய பேட்டரியை 1859-இல் பிரான்சின் கஸ்தோன் பிளாந்தே செய்தார். காரை மின்மோட்டாரால் கிளப்பும் முறையை அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் உருவாக்க, அது 1912 மாடல் காடிலாக்கில் வந்தது. அதற்கு முன் கைப்பிடியைச் சுழற்றித்தான் கிளப்புவார்கள். மோட்டார் சில நொடிதான் ஓடப்போகிறது, ஆகவே சின்ன மோட்டாரையே சூடாகிக் கருகும் அளவுக்குச் சுமையேற்றலாம் என்பதுதான் கெட்டரிங்கின் உத்தி. சின்ன மோட்டார், குறைந்த வோல்ட், ராட்சத ஆம்பியர். நம் டக் டக்கின் பூர்வீகம் அதுதான்.

பேட்டரிக்குப் புத்துயிர் தருவதாகச் சொல்லும் பொடிகளையும், சிகரெட் லைட்டர் துளையில் செருகும் விளக்கு மினுக்கும் பெட்டிகளையும் பற்றிப் பலர் கேட்கிறார்கள். பொடிக் கதை பழையது. 1950-களில் அமெரிக்காவில் ஏடி-எக்ஸ்2 என்ற பொடி விற்றது. அதில் இருந்தவை சோடியம் சல்பேட்டும் மக்னீசியம் சல்பேட்டும். அரசின் தேசிய அளவீட்டு ஆய்வகம் சோதித்துப் பலனில்லை என்றது. அதற்காக 1953-இல் அதன் இயக்குநர் ஆலன் ஆஸ்டினைப் பதவி விலகச் சொன்னார்கள். விஞ்ஞானிகள் கொதித்தெழுந்ததும் அவரை மீண்டும் பதவியில் அமர்த்தினார்கள்; தேசிய அறிவியல் கழகத்தின் குழுவும் ஆய்வகம் சொன்னதே சரி என்றது. அதே மக்னீசியம் சல்பேட்டை இன்று எப்சம் உப்பு என்ற பெயரில் பேட்டரிக்குள் கொட்டச் சொல்லும் வீடியோக்கள் சுற்றுகின்றன. கொட்டாதீர்கள்.

‘ஐன்ஸ்டைன்தான் உங்கள் காரை ஸ்டார்ட் செய்கிறார்’ என்ற தலைப்பும் அவ்வப்போது கண்ணில் படும். அதில் சரக்கு உண்டு. 2011-இல் ராஜீவ் அகுஜா, பெக்கா பியூக்கோ முதலானோர் வெளியிட்ட கணக்கின்படி, ஈய பேட்டரியின் ஒவ்வொரு அறையும் தரும் 2.1 வோல்ட்டில் 1.7 முதல் 1.8 வரை சார்பியல் விளைவால் வருவது. கனமான ஈய அணுவில் எலெக்ட்ரான்கள் அவ்வளவு வேகமாகச் சுழல்கின்றன. ஆறு அறைக்கும் சேர்த்தால் பத்து வோல்ட்டுக்கு மேல். அதில் பாதிக்கு மேல் ஒரு தாள் கனத்துக்கும் குறைந்த சல்பேட் தோல் விழுங்கிவிடுகிறது என்பதைத் தலைப்பு எழுதுகிறவர்கள் சேர்த்துக்கொள்ளலாம்.

இப்போது வாசகர் செய்ய வேண்டியது. மீட்டரை ஓம் அளவில் வைத்துத் தேடிப் பயனில்லை. மீட்டரின் ஒயர்களுக்கே 0.1 ஓமுக்கு மேல் இருக்கும், அதற்குள் 0.02 ஓம் மூழ்கிவிடும். வோல்ட் அளவில் வைத்து, மின்சாரம் பாயும்போது அளக்க வேண்டும். மீட்டரின் ஒரு முனை பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்தில், டெர்மினலில் அல்ல, ஈயத்தின் மேலேயே. மறுமுனை என்ஜினின் துடைத்த இரும்பில். இன்னொருவர் சாவியைத் திருப்பட்டும். நல்ல இணைப்பென்றால் மீட்டர் 0.2 வோல்ட்டுக்கு மேல் போகாது. ஒன்று, இரண்டு என்று ஏறினால் காணாமல்போன வோல்ட் அகப்பட்டுவிட்டது. அதேபோல பாசிட்டிவ் கம்பத்திலிருந்து செல்ஃப் மோட்டாரின் தடித்த திருகு வரை, அங்கே 0.5 வரை பொறுக்கலாம். கியரை நியூட்ரலில் போட்டு ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டுச் செய்யுங்கள்.

எர்த் பட்டையை மறந்துவிட வேண்டாம். என்ஜின் ரப்பர் தாங்கிகளின் மேல் உட்கார்ந்திருப்பதால் கார் உடலோடு அதற்கு இயல்பான மின்தொடர்பு கிடையாது. பின்னிய செப்புப் பட்டை ஒன்றுதான் இணைக்கிறது. அது அரித்துப்போனால் மின்சாரம் ஆக்சிலரேட்டர் கேபிள், கியர் கேபிள் வழியாகக்கூடத் திரும்பப் பார்க்கும். பழைய கார்களில் அந்தக் கேபிள்கள் சூடாகிப் புகைந்ததுண்டு.

சுத்தம் செய்வது சுலபம். நெகட்டிவை முதலில் கழற்றி, கடைசியில் மாட்ட வேண்டும்; வரிசை தப்பினால் ஸ்பேனர் கார் உடலில் பட்டுப் பொறி பறக்கும். சமையல் சோடா கரைத்த தண்ணீரால் கழுவி, கம்பத்தையும் டெர்மினலின் உட்புறத்தையும் உலோகம் மின்னும்வரை உப்புத்தாளால் தேய்த்து, காயவைத்து, இறுக்கியபின் மேலே வாஸ்லின் பூசினால் போதும்.

இதையெல்லாம் செய்தும், இணைப்புகளில் இழப்பே இல்லாதபோதும் டக் டக் வந்தால், பேட்டரியின் இரு கம்பங்களுக்கு இடையிலேயே மீட்டரை வைத்துச் சாவியைத் திருப்புங்கள். 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் சார்ஜ் குறைந்திருக்க வேண்டும், அல்லது பேட்டரிக்கு வயதாகியிருக்க வேண்டும். முழுதாக சார்ஜ் ஏற்றி மறுபடி அளந்தால் எது என்று தெரிந்துவிடும். நம் ஊர் வெயிலில் மூன்று நான்கு வருடத்தில் வயதாவது சகஜம். அபூர்வமாக, பேட்டரியின் உள்ளே அறைகளை இணைக்கும் ஈயப் பற்றவைப்பு விரிசல் கண்டிருக்கும். அப்போதும் சும்மா இருக்கையில் 12.6 காட்டும், சாவியைத் திருப்பியதும் சரியும். அந்த இணைப்பைத் துடைக்க வழியில்லை. பேட்டரியை மாற்றிவிடுங்கள், வாரண்டி அட்டையைத் தேடி எடுத்துக்கொண்டு போங்கள்.