கட்டணச் சீட்டும் நம் உரிமையும்

தலைநகரில் வாழும் நம் குடும்பங்களை ஊரோடு பிணைப்பது இன்று இணையத் தொடர்பே. அது அடிக்கடி அறுபட்டாலும், கட்டணம் மிகையாக விதிக்கப்பட்டாலும், "பெரிய நிறுவனத்தோடு யார் வழக்காடுவது?" என்று நம்மவர் பலர் வாளாவிருந்து விடுகின்றனர். அவர்கள் அறிய வேண்டிய வழக்கொன்று உண்டு.

அகமதாபாத்தில் கைப்பேசி வாடிக்கையாளர் ஒருவருக்கு மாதக் கட்டணம் சராசரியாக 555 ரூபாய். 2013 நவம்பர் 8 முதல் ஒரு மாதத்திற்கு வோடபோன் நிறுவனம் விதித்த தொகையோ 24,609 ரூபாய்! 2014-இல் அவர் மாவட்ட நுகர்வோர் மன்றத்தை அணுகினார். 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டப்படி நடுவரே இப்பிணக்கைத் தீர்க்க வேண்டும், மன்றத்திற்கு அதிகாரமில்லை என்று நிறுவனம் வாதாடியது. 2009-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பொன்று அதற்குத் துணை நின்றது. ஆயினும் 2022 பிப்ரவரி 16 அன்று, நீதிபதி சந்திரசூட் தலைமையில் மூவர் அடங்கிய அமர்வு, நுகர்வோர் மன்றத்தை நாடும் உரிமையை அச்சட்டம் பறிக்கவில்லை எனத் தில்லியில் தீர்ப்பளித்தது. தொகை சரிதானா என்பதை அது ஆராயவில்லை. அடைக்க முயன்ற கதவைத் திறந்து வைத்தது. அதற்கே ஏறத்தாழ எட்டாண்டுகள் கழிந்தன!

அன்பர்கள் செய்ய வேண்டுவது இதுவே: முதலில் நிறுவனத்திடம் முறையிட்டுப் பதிவெண் பெறுக. தீராவிடில் அதன் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதுக. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நுகர்வோர் மன்றங்கள் இன்று ஆணையங்கள் எனப்படுகின்றன. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே இரண்டாண்டுக்குள் வழக்கிடலாம். செலுத்திய விலை 5 இலட்சம் ரூபாய்க்கு மேற்படாவிடில் வழக்குக் கட்டணமும் இல்லை. சீட்டுகளையும் கடிதங்களையும் பேணி வைப்போருக்கே வழக்கு வலுப்பெறும்.