வெள்ளைச் சமையலறை வெறுமையாகத் தெரிகிறதா? அலமாரியை மாற்றும் முன் விளக்கைக் கவனியுங்கள்

டெல்லி, மும்பை, பெங்களூரு, ஹைதராபாத் போன்ற நகரங்களின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் சுவர், அலமாரி, மேடை, தரை என அனைத்தும் வெண்மையாக அமைந்த சமையலறைகள் பரவலாகிவிட்டன. சிறிய அறையைப் பெரிதாகக் காட்டும், தூய்மையான தோற்றம் தரும் என்பதாலேயே வெள்ளை விரும்பப்படுகிறது. ஆனால், குடியேறிய சில மாதங்களிலேயே அந்த அறை மருத்துவமனையை நினைவூட்டத் தொடங்குவதும் உண்டு. உடனே அலமாரிகளை மாற்ற வேண்டும் என்ற எண்ணம் எழுகிறது. பெரும் செலவு பிடிக்கும் அந்த முடிவு பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. எளிதில் மாற்றக்கூடியவற்றை முதலிலும், மாற்ற முடியாதவற்றை இறுதியிலும் கையாள்வதே சிறந்தது.

காரணம் நிறமா, ஒளியா?

வெள்ளைப் பரப்பு தன்மீது விழும் ஒளியின் சாயலையே திருப்பித் தருகிறது. வடக்கு நோக்கிய சாளரம் வழியே பெரும்பாலும் நேரடி வெயில் வருவதில்லை. வானத்தின் நீலச் சாயல் கொண்ட ஒளியே வருகிறது. வாஸ்து மரபு சமையலறைக்குத் தென்கிழக்கு மூலையைக் குறிப்பிடுகிறது. அங்கு காலை வெயிலின் பொன்னிறம் கிடைக்கும். அடுக்குமாடி வீடுகளிலோ சமையலறைச் சாளரம் குழாய்கள் செல்லும் குறுகிய இடைவெளியை நோக்கியே அமைந்துவிடுவதுண்டு. எனவே, பகலிலும் விளக்கை நம்பியே சமைக்க வேண்டியுள்ளது.

எல்.இ.டி. விளக்கின் ஒளிச் சாயல் கெல்வின் என்ற அலகில் அட்டைப்பெட்டியில் அச்சிடப்பட்டிருக்கும். 6500 கெல்வின் என்பது நீலம் கலந்த வெண்மை. வெள்ளை அறையைக் குளிர்ச்சியாகக் காட்டுவது இதுவே. 2700 முதல் 3000 கெல்வின் வரையிலான விளக்குகள் பழைய குண்டு பல்பின் இளமஞ்சள் ஒளியைத் தருகின்றன. எண் குறையக் குறைய ஒளியில் மஞ்சள் சாயல் கூடும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். காய்கறி நறுக்கும் இடத்துக்கு 4000 கெல்வின் ஏற்றது. சி.ஆர்.ஐ. எனப்படும் நிற வெளிப்பாட்டுக் குறியீடு 90 அல்லது அதற்கு மேல் இருந்தால் கீரையின் பச்சையும் தக்காளியின் சிவப்பும் இயல்பாகத் தெரியும்.

கூரை விளக்கு மட்டும் இருந்தால் சமைப்பவரின் நிழல் மேடையிலேயே விழும். மேல் அலமாரிக்கு அடியில் மெல்லிய விளக்குப் பட்டையைப் பொருத்தினால் நிழல் மறையும்; சுவரும் இதமான ஒளி பெறும்.

பொருள்களே தரும் வண்ணம்

அடுத்த கட்டத்திலும் சுவரைத் தொட வேண்டியதில்லை. துவரம் பருப்பின் மஞ்சள், மைசூர் பருப்பின் செம்மஞ்சள், பச்சைப் பயறு, ராஜ்மாவின் அடர்சிவப்பு ஆகியவற்றைக் கண்ணாடிக் குடுவைகளில் இட்டுத் திறந்த தட்டில் அடுக்கினாலே அறைக்கு உயிர் வந்துவிடும். மஞ்சள் தூளும் மிளகாய்த் தூளும் வெளிச்சத்தில் நிறம் இழக்கும் என்பதால், அவற்றை மூடிய அஞ்சறைப் பெட்டியிலேயே வைக்க வேண்டும்.

பித்தளையும் செம்பும் வெண்மைக்கு நல்ல துணை. பஞ்சாபின் ஜண்டியாலா குரு நகரில் தட்டேரா சமூகத்தினர் இவ்வுலோகங்களைச் சுத்தியலால் அடித்துப் பாத்திரமாக்கும் மரபை, யுனெஸ்கோ 2014-இல் மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. சுத்தியல் தடம் பதிந்த பரப்பு ஒளியைச் சிதறடித்துக் காட்டுவதால் ஒரே ஒரு பாத்திரம்கூடக் கண்ணை ஈர்க்கும். எனினும், புளிப்பான உணவை வெள்ளீயப் பூச்சு இல்லாத பித்தளை, செம்புப் பாத்திரங்களில் சமைக்கவோ சேமிக்கவோ கூடாது. உத்தரப் பிரதேசத்தின் குர்ஜா பீங்கான் சாடிகள், ஜெய்ப்பூரின் நீல மட்பாண்டங்கள் போன்றவையும் வெண்மைக்கு எதிரே எடுப்பாகத் தெரியும்.

கறை படும் இடத்தில் நிறம்

இந்தியச் சமையலில் வெள்ளைக்கு மிகப் பெரிய சோதனை மஞ்சள்தான். அதன் நிறமியான குர்குமின் தண்ணீரில் எளிதில் கரையாது, எண்ணெயில் கரையும். எனவேதான் தாளிப்பின்போது தெறிக்கும் துளி, நீரால் துடைத்த பின்னும் தங்கிவிடுகிறது. காரத்தன்மை கொண்ட சோப்பு பட்டால் அக்கறை சிவப்பாக மாறும். நல்ல வெயிலில் படிப்படியாக மங்கும்.

ஆகவே, சுவரில் நிறம் சேர்ப்பதானால் அடுப்புக்குப் பின்னால், மேடைக்கும் மேல் அலமாரிக்கும் இடைப்பட்ட பகுதியே முதல் தேர்வாக இருக்க வேண்டும். அங்கு கடுகு மஞ்சள், செங்கல் நிறம், இலைப்பச்சை போன்ற மெருகிட்ட ஓடுகளைப் பதித்தால் அழகும் கூடும், கறையும் உறுத்தாது. ஓடுகளின் இணைப்புகளில் வெள்ளைச் சிமென்டுக்குப் பதிலாக, நிறமுள்ள எபாக்சி கலவையைப் பயன்படுத்துவது நல்லது. மேடைக் கல்லை மாற்றுவோர், சலவைக்கல்லும் கோட்டா கல்லும் எலுமிச்சை, புளி, தக்காளிச் சாறு பட்டால் மெருகு இழக்கும் என்பதை அறிந்திருக்க வேண்டும். கிரானைட்டுக்கு அத்தகைய பாதிப்பு மிகக் குறைவு.

கீழே அடர்த்தி, மேலே வெண்மை

இவற்றுக்குப் பிறகும் மாற்றம் தேவை எனில், கீழ் அலமாரிகளின் கதவுகளை மட்டும் மாற்றினால் போதும். உட்பெட்டிகள் உறுதியாக இருந்தால் அவற்றை அகற்றத் தேவையில்லை. கீழே மர நிறமோ அடர்பச்சையோ அமைத்து மேலே வெண்மையை அப்படியே விட்டால், அறை சுருங்கியதாகத் தோன்றாது. முழு அறையில் சுமார் 60 விழுக்காடு முதன்மை நிறம், 30 விழுக்காடு துணை நிறம், 10 விழுக்காடு எடுப்பான நிறம் என்பது உள்ளலங்காரத்தில் பின்பற்றப்படும் எளிய கணக்கு. மரத் தட்டுகளுக்கு நீர் தாங்கும் ஒட்டுப்பலகையே ஏற்றது. மரப்பலகை, துணித்திரை ஆகியவற்றை எரிவாயு அடுப்புக்கு அருகில் வைப்பதைத் தவிர்க்க வேண்டும்.

வாடகை வீட்டில் வசிப்போர் சுவரைத் துளையிடாமலேயே விளக்கு, குடுவைகள், பாத்திரங்கள், தரைவிரிப்பு ஆகியவற்றால் பெரும்பகுதி மாற்றத்தைச் செய்துவிடலாம். வீடு மாறும்போது அவற்றை உடன் எடுத்துச் செல்லவும் முடியும். முதலில் விளக்கை மட்டும் மாற்றி, இரண்டு வாரங்கள் அந்த ஒளியில் சமைத்துப் பார்த்த பின்னர் அடுத்த செலவைத் தீர்மானிப்பதே சிக்கனமான வழி.